வெட்டியவை வந்து சேர்ந்த வீடு

தொலைக்காட்சி நிலையத்தின் குழந்தைகள் பிரிவில் வெட்டி எறியப்பட்ட காட்சிகள் எல்லாம் வெட்டியவளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதலில் வந்தது ஒரு தும்மல். ரொட்டிக் கூடைமேல் கோமாளி தும்முகிற காட்சியைச் சுகாதாரக் கேடு என்று அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெட்டினாள். அன்று மாலை சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அந்தத் தும்மல் கேட்டது, டப்பா மூடியும் திறந்துகொண்டது. மறுவாரம் கப்பல் தலைவன் ஒருவனின் சுருட்டுப் புகை வந்து குளியலறைக் கூரையில் தங்கியது. அடுத்ததாக, சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்று வெட்டப்பட்ட ஓநாயின் வாய், உடம்பில்லாமல் வாய் மட்டும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குடியேறியது. அது யாரையும் கடிக்கவில்லை, அவ்வப்போது கொட்டாவி விட்டதோடு சரி. பொம்மை அரசன் மந்திரியின் கன்னத்தில் விட்ட அறை ஒன்று முன்னறையில் நான்கு நாள் சுற்றித் திரிந்துவிட்டு, ஐந்தாம் நாள் செருப்பைத் தேடிக் குனிந்த அவள் கணவரின் கன்னத்தில் இறங்கியது. அவர் லிஃப்ட் மெக்கானிக், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு அந்த வேலை கிடைத்ததே ஊர்ச் சண்டை ஒன்றின் புண்ணியத்தில்தான். பிள்ளைகள் தொலைக்காட்சியில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை அரசாங்கம் முடிவு செய்வதா, பெற்றவர்கள் முடிவு செய்வதா என்று நாடே பதினோரு மாதம் அடித்துக்கொண்டது. என் பிள்ளை, என் வீடு, என் பெட்டி, இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றது ஒரு கட்சி. நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், பிள்ளையை வளர்ப்பதே அந்தப் பெட்டிதான், பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டாமா என்றது இன்னொரு கட்சி. முடி வெட்டும் கடையில் இந்தப் பேச்சு முற்றி, பாதித் தலையோடு எழுந்து போய்விட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் கடைசிவரை மீதித் தலையை வெட்டிக்கொள்ளவே இல்லை. கடைசியில் சட்டசபை ஒரு வழி கண்டுபிடித்தது. வெட்டுவது அரசாங்கம்தான், ஆனால் வெட்டுகிற கை பத்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருக்கிற ஒரு தாயின் கையாகவோ தகப்பனின் கையாகவோ இருக்க வேண்டும். ஜெயித்தது நாங்கள்தான் என்று இரண்டு கட்சிகளும் ஒரே நாளில் ஊர்வலம் போய், ஒரே தெருமுனையில் மோதிக்கொண்டன. விண்ணப்பம் போட்ட நானூறு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு செய்தித்தாளைக் கொடுத்து வட்டமாக வெட்டச் சொன்னார்கள். தையற்கடையில் பதினைந்து வருஷம் துணி வெட்டியவள் அவள் ஒருத்திதான். கோடு கிழிக்காமல், தட்டு வைத்தது போல வெட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர் விழுந்தது.

பெயரில்தான் கத்திரி இருந்தது. நிஜத்தில் அது மேஜையில் பொருத்திய சின்னக் கைப்பிடி, அழுத்தினால் பிலிம் துண்டாகும். அந்த நாளில் நிகழ்ச்சிகளை எல்லாம் பிலிமில்தான் எடுத்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பிரதி வரும். ஒன்று வெட்டுவதற்கு. மற்றது, எதை வெட்டினீர்கள் என்று நாளைக்கு எவராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக, கிடங்கில் தொடாமல் வைத்திருப்பது. வெட்டிய துண்டை மேஜைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, படிவத்தில் காரண எண்ணை எழுத வேண்டும். மொத்தம் பதினேழு காரணங்கள் இருந்தன. சாயங்காலம் பிரிவு அதிகாரி வந்து துண்டுகளின் நீளத்தை அளந்து, பின்கட்டில் இருந்த தகரப் பீப்பாயில் போட்டுக் கொளுத்துவார். கொளுத்திய பிறகுதான் அவை கத்திரி வீட்டுக்கு வந்தன. அவளுக்கு முன்னால் வெட்டும் வேலையே இருந்ததில்லை, அதனால் இது வழக்கமான ஒன்றுதானா என்று கேட்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகள், ஆறு வயது. அந்த மகளின் உயிர் தினமும் மாலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் வந்தது. பெரிய பெரிய பொத்தான் வைத்த மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்வாள், காகிதத்தில் தவளை மடித்துக் காட்டுவாள், பாடுவாள், சரியாக இருபத்தெட்டு நிமிஷம். நாடு முழுவதும் பிள்ளைகள் அவளைப் பொத்தானக்கா என்றார்கள். கத்திரி வீடு திரும்ப ஆறு மணியாகும். கதவைத் திறக்கும்போது பெட்டி அணைந்திருக்கும், மகளின் முகமும் கூடவே அணைந்திருக்கும். இன்னிக்கு என்னடி ஆச்சு என்று கேட்டால், ஒண்ணுமில்லை என்பாள். பள்ளியில் நடந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, முழங்காலில் அடிபட்டது எல்லாவற்றையும் ஐந்தரை மணிக்கே பெட்டியிடம் சொல்லி முடித்திருப்பாள். முன்பல் விழுந்த சேதி கத்திரிக்குக் கணவர் மூலமாகத்தான் தெரிந்தது, அதுவும் இரண்டு நாள் கழித்து. "அக்காகிட்ட காட்டிட்டேனே" என்றாள் மகள், அதோடு விஷயம் முடிந்துவிட்டது போல.

கத்திரிக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை எதுவும் அதற்குக் கிடையாது. அந்தப் பெண்ணை அவளும் தினமும் பார்த்தாள், மகள் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பே, இருட்டறையில், சின்னத் திரையில். வியாழக்கிழமை மகள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்று திங்கட்கிழமையே அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவள் வேண்டுமென்றே சிரிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பொத்தானக்கா மேல் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. அந்தப் பெண் அதட்ட மாட்டாள், அவசரப்பட மாட்டாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓட மாட்டாள். இருபத்தெட்டு நிமிஷத்துக்கு யாரால்தான் அப்படி இருக்க முடியாது என்று கத்திரி தனக்குள் பொருமினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் இழுத்து, செல்லமே என்றாள். மகள் நெளிந்துகொண்டு இறங்கினாள். "அப்படிக் கூப்பிடாதம்மா. அது அக்கா கூப்பிடறது."

மறுநாள் மேஜையில் வந்த ரீலின் முடிவில், எப்போதும் போல, பொத்தானக்கா திரைக்கு வெளியே நேராகப் பார்த்து, "போய்ட்டு வா செல்லமே, நாளைக்கு வரேன்" என்றாள். கத்திரி பிலிமை நிறுத்தினாள். உதடு செல்லமே என்று குவிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, முன்னும் பின்னும் அழுத்தி, அந்த வார்த்தையை எடுத்துவிட்டாள். படிவத்தில் காரண எண் பதினொன்று என்று எழுதினாள். பிள்ளையின் கவனத்தைப் பெற்றோரிடமிருந்து திருப்புதல் என்பதுதான் பதினொன்று. ஆனால் கோபத்தில் அவள் தொழிலை மறந்துவிட்டாள். அந்தப் பிலிமில் ஒலி படத்துக்கு நேராக இருக்காது. இருபத்தாறு படக்கட்டம் முந்திப் பதிந்திருக்கும், ஏறக்குறைய ஒரு விநாடி. படத்தைப் பார்த்து வெட்டினால் ஒலியில் அடுத்த வார்த்தைதான் போகும். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. வியாழக்கிழமை மாலை நாடு முழுவதும் பிள்ளைகளுக்குச் செல்லமே என்பது கணீரென்று கேட்டது. நாளைக்கு வரேன் என்பது கேட்கவில்லை. அக்கா இனிமேல் வரமாட்டாளா என்று அன்று எத்தனையோ வீட்டில் அழுகை. கத்திரி வீட்டில் மட்டும் அழுகை இல்லை. மகளின் கட்டிலுக்கு மேலே, சுவரில், ஒரு ஜோடி உதடு சத்தமில்லாமல் குவிந்து விரிந்தது. கூடவே ஒரு குரல், நாளைக்கு வரேன் என்றது.

வாக்குக் கொடுத்த குரல் தவறவில்லை, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. கத்திரி இப்போது இருபத்தாறு கட்டத்தையும் விரல்விட்டு எண்ணி, வார்த்தைக்கு வார்த்தை சரியாக வெட்டத் தொடங்கினாள். வெட்டுவது வீட்டுக்குத்தான் வரும் என்று தெரியாதவள் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தால் கட்டுப்படுத்திவிடலாம், நம் வீட்டு அலமாரி, நம் சாவி என்று ஒரு கணக்குப் போட்டாள். முதலில் வந்த பாட்டை அலமாரியில் பூட்டினாள். அது சாவித்துளை வழியாகவே பாடியது. பொத்தான்கள் வந்து மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்தன. பிறகு கைகள் வந்தன, மணிக்கட்டுவரை இரண்டு கைகள். கைகளை வெட்டியதுதான் அவள் செய்த பெரிய முட்டாள்தனம். காலையில் அவள் சீப்பை எடுப்பதற்குள் அவை மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு முடித்துவிடும், வகிடு நூல் பிடித்தாற்போல இருக்கும், ஒரு முடி பிசிறாது. மகள் தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் பார்ப்பாள். முன்பெல்லாம் இவள் சீப்பு வைத்தாலே வலிக்குதும்மா என்று கத்துகிறவள், கைகளுக்கு முன்னால் பூனை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கத்திரி சமையலறையில் நின்று பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். ஓநாயின் வாய் கொட்டாவி விடும்.

"நீதானே வெட்டறே, நிறுத்திடேன்" என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பொறாமை பிடித்தவளிடம் நிறுத்து என்று சொல்வது லேசு. அவளுக்கோ ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம்தான் மீதி, இன்றோடு சரியாகிவிடும் என்று தோன்றியது. ஐந்தரை மணி நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிஷத்திலிருந்து இருபதாகி, பதினொன்றாகி, ஏழு மாதத்தில் நான்கு நிமிஷத்துக்கு வந்து நின்றது. கிடைத்த நான்கு நிமிஷத்தில் பொத்தானக்கா கை இல்லாமல், பாதி வார்த்தையில், எதையோ சொல்ல வருவது போல உட்கார்ந்திருந்தாள். மிச்ச நேரத்துக்கு மீன் தொட்டியைக் காட்டினார்கள். எங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாதா என்று பெற்றோர் சங்கம் மூட்டை மூட்டையாகக் கடிதம் அனுப்பியது. நான்கு நிமிஷமே அதிகம், மீன்களும் ஒழுங்காக உடை உடுத்தவில்லை என்று வேறொரு சங்கம் எழுதியது. பிரிவு அதிகாரி இரண்டு மூட்டையையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தார். சமமாக இருக்கவே, நம் பிரிவு நடுநிலையாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, அதிக நீளம் வெட்டியவர் என்று கத்திரிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அதை மரச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். அன்று சாயங்காலமே பொத்தானக்காவின் கைகள் அதைத் தூசி தட்டி நேராக்கி வைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை யாரோ முழங்கையால் இடிக்கிற சத்தம் கேட்டது. கணவர் போய்த் திறந்தார். வாசலில் நின்றவள் பொத்தானக்கா, திரையில் வருகிற நிஜப் பெண். மேல்சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை, ஊசி குத்தி மூடியிருந்தாள். இரண்டு சட்டைக் கையும் நுனியில் காலியாகத் தொங்கின. திரையில் பார்த்ததைவிட வயதானவளாக, களைத்தவளாக இருந்தாள். குரல் சன்னமாக இருந்தது, சில வார்த்தைகள் வரவேண்டிய இடத்தில் வாய் மட்டும் அசைந்தது. கத்திரி அவளை உட்காரச் சொல்லவில்லை. கணவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் கொண்டுவந்து, அவளால் எடுத்துக் குடிக்க முடியாதே என்று உறைத்து, தானே அசடு வழியக் குடித்துத் தீர்த்தார்.

"சண்டை போட வரலைங்க" என்றாள் அவள். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, நாலு வயசு. நான் ஸ்டுடியோவிலேர்ந்து வரும்போது தூங்கிப் போயிருப்பா. என்னை அவ பார்க்கிறதே அந்த அரை மணிநேரம்தான். இப்ப அதுலயும் நாலு நிமிஷம்." அடுத்து ஒரு வார்த்தை சொல்ல முயன்றாள். உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை. "என் பொண்ணை அப்படித்தான் கூப்பிடுவேன். இப்ப வர மாட்டேங்குது. அவளைத் தூக்கக் கை இல்லை."

அப்போது உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள், பின்னல் பாதி போட்டபடி. அவள் தோளுக்குப் பின்னால் கைகள் இரண்டும் சிக்கெடுத்துக்கொண்டே வந்தன. மகள் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள், யாரென்று அடையாளம் தெரியவில்லை. வந்தவள் குழந்தையைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள், அவை பின்னுகிற முடியைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைக் கத்திரி நன்றாக அறிவாள். ஏழு மாதமாகக் காலையில் சமையலறைக் கதவருகில் நின்றபோது தன் முகம் போன போக்குதான் அது. தன்னைப் பார்த்து இன்னொருத்தி வயிறெரிவாள் என்று கத்திரி கனவிலும் நினைத்ததில்லை. முதலில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை மறைக்க வேண்டாம். பிறகுதான் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் பிரிவு அதிகாரியிடம் போய் வேலையை விடுவதாகச் சொன்னாள். தன் இடத்துக்குப் பத்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள ஒரு தாயைத் தானே கூட்டி வந்திருப்பதாகவும் சொன்னாள். அதிகாரி வந்தவளின் காலிச் சட்டைக்கைகளைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். பிள்ளை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, கை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. கையெழுத்துக்குப் பதிலாக முழங்கை ரேகை வாங்கிக்கொண்டார். கத்திரி கிடங்கிலிருந்து தொடாத பிரதிகளை எடுத்து வந்து மேஜையில் ஏற்றிக் கொடுத்தாள். எந்த இடத்தில் வெட்டினோம் என்று அவளுக்கு மனப்பாடம், இருபத்தாறு கட்டத்தையும் தானே எண்ணிக் காட்டினாள். பொத்தானக்கா முழங்கையால் பிடியை அழுத்தினாள். முதலில் கைகளை வெட்டினார்கள், அன்று சாயங்காலம் பீப்பாயில் எரித்தார்கள். மறுநாள் அவள் இரண்டு கையோடும் வேலைக்கு வந்தாள், எதிர்ப்படுகிறவருக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு. வெட்டுகிறவள் வீட்டுக்குத்தானே வரும், அதில் ஏமாற்று இல்லை. இப்படி ஆறு வாரத்தில் பொத்தானும் பாட்டும் செல்லமேயும் ஒவ்வொன்றாகக் கத்திரி வீட்டிலிருந்து கிளம்பின. இதை அவள் செய்தது பாதி இரக்கத்தில், பாதி அந்தக் கைகள் தொலைந்தால் போதும் என்ற எண்ணத்தில். எந்தப் பாதி பெரியது என்று அவளே அளந்து பார்க்கவில்லை. கைகள் போன இடத்திலும் கொஞ்சம் சிக்கல்தான் என்று கேள்வி. அந்த நாலு வயதுப் பெண்ணுக்குக் கிராப்புத் தலை, கைகளோ பழக்கதோஷத்தில் இல்லாத பின்னலைக் காற்றில் பின்னிக்கொண்டிருந்தனவாம்.

மகள் கத்திரியோடு பத்தொன்பது நாள் பேசவில்லை. "அம்மா வெட்டிட்டா" என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள். தலையை வாரவும் விடவில்லை, விரித்துப் போட்ட முடியோடு பள்ளிக்குப் போனாள். கத்திரி பழைய தையற்கடையில் பழைய மேஜைக்கே திரும்பியிருந்தாள். இப்போது போட்டிக்கு யாரும் இல்லை, வீட்டில் இரண்டு கை என்றால் அவளுடைய இரண்டு கைதான். அப்படியும் மகள் அவளிடம் வரவில்லை. எரிந்த வயிறு இப்போது காலியாக இருந்தது, எரிந்ததே தேவலை என்று தோன்றும் அளவுக்கு.

இதற்கிடையில் நிலையத்தில் வேறொரு சிக்கல். பொத்தானக்கா தன்னைக் கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல் எல்லா ரீலிலிருந்தும் வெட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐந்தரை மணிக்கு இருபத்தெட்டு நிமிஷம் பிள்ளைகளுக்கு என்று சட்டத்தில் இருந்தது, அதை மாற்ற இன்னொரு பதினோரு மாதம் அடித்துக்கொள்ள யாருக்கும் தெம்பு இல்லை. மீன்களும் இறந்துவிட்டிருந்தன. மிச்சம் இருந்தது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதையே காட்டினார்கள். பிரிவு அதிகாரி இருபத்தெட்டு நிமிஷமும் நாற்காலியைக் கண் கொட்டாமல் பார்த்து, ஆட்சேபிக்கத்தக்கது எதுவும் இல்லை என்று எழுதினார். பெற்றோர் சங்கமும் பார்த்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்குப் போனது. சட்டம் வந்த நாள் முதல் அரசாங்கமும் பெற்றவர்களும் ஒத்துப்போனது அந்த நாற்காலி விஷயத்தில்தான்.

பிள்ளைகள் மட்டும் பெட்டிக்கு முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு நாற்காலி காலியாக இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் யார் இல்லையோ அவர் அதில் உட்கார்ந்திருந்தார். கத்திரி குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பேருந்து ஓட்டுநரின் இரட்டைப் பிள்ளைகள் தங்கள் அப்பாவைப் பார்த்தார்கள், சீருடைத் தொப்பி முதல் அச்சு அசலாக. மருத்துவமனைத் தாதியின் மகன் அம்மாவைப் பார்த்தான். கீழ்வீட்டுச் சிறுமி, ஓடிப்போன பூனையைப் பார்த்தாள். பெரியவர்கள் எட்டிப் பார்த்தால் வெறும் நாற்காலி. வெட்டுவதற்கும் வழியில்லை. பொத்தானக்காவுக்குப் பின் வந்த புதிய வெட்டுக்காரி மேஜையில் போட்டுப் பார்த்துவிட்டு, பிலிமில் மரமும் மெத்தையும் தவிர ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தாள்.

கத்திரி ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மகள் பெட்டியை அணைத்துவிட்டு, முகம் நிறைய வெளிச்சத்தோடு இருந்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதன்முதலாக அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள், வேற்றாளைப் பார்ப்பது போல அல்ல, ஏதோ ஒப்பிட்டுப் பார்ப்பது போல. நாற்காலியில் யார் வந்தது என்று கேட்கக் கத்திரிக்கு மூன்று நாள் பிடித்தது. கடைசியில் கேட்டாள்.

"நீதான்" என்றாள் மகள்.

அன்று அவள் சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தாள், ஓநாயின் வாய்க்குக்கூட ஒரு துண்டு ரொட்டி போட்டாள். ஆனால் சந்தோஷம் வாரக் கடைசிவரை தாங்கவில்லை. "டிவி அம்மா அவசரமே பட மாட்டா" என்றாள் மகள். டிவி அம்மா கதை சொன்னாள், டிவி அம்மா தவளை மடித்தாள், டிவி அம்மா பூனை போட்ட குட்டிகளின் பெயர்களை வரிசையாகக் கேட்டாள். கத்திரிக்கு மறுபடி வயிறு பற்றிக்கொண்டது. இந்தத் தடவை யார் மேல் என்று வெளியில் சொல்லவும் முடியாது. தன் முகத்தை வைத்துக்கொண்டு, தன் குரலில், தான் செய்யாததை எல்லாம் ஒருத்தி செய்கிறாள். "நான் அந்த நேரம் வீட்டுலயே இருக்கேன், அதான் என்னை யாரும் பார்க்க மாட்டேங்கறாங்க" என்று கணவர் தன் பங்குக்கு முறையிட்டார்.

ஒரு புதன்கிழமை அவள் தையற்கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தாள். இன்று முதல் நிஜ அம்மாவே கூட உட்காருவாள் என்று முடிவு. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஐந்தரை அடித்தது. நாற்காலி வந்தது, காலியாக. மகள் பெட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "நீ வந்துட்டே, அம்மா போய்ட்டா" என்றாள். சரி, என்னிடமே சொல், என்ன ஆச்சு இன்னிக்கு என்று கத்திரி குழைந்தாள். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒண்ணுமில்லை என்றாள். இருபத்தெட்டு நிமிஷமும் இரண்டு பேரும் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று வெட்டியே பழகியவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாளும் அவள் ஐந்தே காலுக்கே வந்தாள். பூட்டில் சாவியை வைத்தாள், திருப்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். கதவு பழைய மரக்கதவு, அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஐந்தரைக்கு உள்ளே மகளின் குரல் தொடங்கியது. கணக்கு டீச்சர், மதிய உணவு, சிந்திய மை, புதிதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண், எல்லாம் மடை திறந்தாற்போல வந்தது. ஆறு வருஷத்தில் கத்திரி மகளிடம் அவ்வளவு பேச்சு கேட்டதில்லை. ஆனால் அது படிக்கட்டில் இருந்த அவளிடம் சொல்லப்பட்டது அல்ல, நாற்காலியில் இருந்த அவளிடம்தான் சொல்லப்பட்டது. உள்ளே இருப்பவள் பதில் சொல்லும் சத்தம் கேட்கவில்லை, மகள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறாளோ என்று கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஆறு மணி ஆனதும் எழுந்து, ஆடையைத் தட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவள் போலக் கதவைத் தட்டினாள்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு மேல்படியில் பேருந்து ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார், வண்டியை முன்னதாகவே பணிமனையில் விட்டுவிட்டு. பிறகு தாதி வந்தாள். கோடை முடிவதற்குள் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும், பிறகு அந்தத் தெருவின் ஒவ்வொரு கட்டடத்திலும், ஐந்தரை மணிக்குப் பெற்றவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, காதை மட்டும் உள்ளே வைத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, பேசினால் உள்ளே நடப்பது கேட்காது. லிஃப்ட் மெக்கானிக் இவர்கள் கால்களைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வந்தார். பெட்டியைப் பற்றிய பழைய சண்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. படிக்கட்டு குளிர்கிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அரசாங்கம் என்ன செய்கிறது என்று மட்டும் பெற்றோர் சங்கம் ஒரு மனு போட்டது. மூன்றாம் வருஷம் அரசாங்கம் மாடிக்கு ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தது, சாய்மானம் வைத்த நல்ல மரப் பெஞ்சு.

மகளுக்கு ஒன்பது வயது நடந்தபோது ஒரு சாயங்காலம் கத்திரி வழக்கம்போலப் பெஞ்சில் கதவுப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகள் அழுகைக் குரலில், வகுப்பில் தன்னை எல்லோரும் விலக்கி வைத்ததை, ஒரு வாரமாகத் தனியாகச் சாப்பிடுவதை, யாரிடமும் சொல்லாததை, ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சினாள். "வெளியில பெஞ்சில ஒரு அம்மா உட்கார்ந்திருக்கா இல்ல" என்றாள். "அவகிட்ட சொல்லிடாதே. பாவம், வருத்தப்படுவா."

"சொல்ல மாட்டேன்" என்றாள் கத்திரி, கதவுக்கு இந்தப் பக்கம், வாய்க்குள்ளேயே. ஆறு மணிக்குக் கதவைத் தட்டினாள். மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து திறந்தாள், பையை வாங்கி வைத்தாள், அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கத்திரி எதுவும் கேட்கவில்லை.